‘வீட்ல சொல்லாதே’ என்று ஒருவன் சொல்லும்போது

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் மொபைல் பற்றிப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் முதலில் வருகிற கேள்வி இதுதான்: “டீச்சர், எந்த ஆப்பை எடுத்துட்டா நிம்மதியா இருக்கலாம்?” கேட்கிற தாயின் முகத்தில் கவலை தெரியும். தினமும் பிள்ளைகளோடு இருக்கிற எனக்கும் அதே கவலை உண்டு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு ஆப்பின் பெயரைச் சொல்ல என்னால் முடிவதில்லை. இன்ஸ்டாகிராமை எடுத்தால் பிள்ளை கேம் சாட்டுக்குப் போகும். கேமை எடுத்தால் அத்தை மகன் போனைக் கேட்டு வாங்கும். ஆப்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளைக் குறிவைக்கிறவர்கள் நடந்துகொள்ளும் முறை மட்டும் மாறுவதில்லை. அந்த முறை தெரிந்துவிட்டால், நாளைக்கு வரப்போகிற ஆப்பிலும் அதை அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு ‘குரூமிங்’ என்று பெயர். தமிழில் நான் அதைப் ‘பழகிக் கெடுப்பது’ என்று சொல்வேன். பாலியல் சுரண்டல், பணம் பறிப்பு போன்ற ஏதோ ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு பிள்ளையிடம் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கையைச் சம்பாதித்து, வீட்டாரிடமிருந்து பிரித்து, சொன்னதைச் செய்யவைப்பது. இதைச் செய்ய ஹேக்கிங் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். இனிக்க இனிக்கப் பேசத் தெரிந்திருந்தால் போதும். பொறுமையும் நிறைய நேரமும் அவனிடம் இருக்கும். அவன் என்று எழுதுகிறேனே தவிர, அது பெண்ணாகவும் இருக்கலாம், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளாகவும் இருக்கலாம்.

எப்படி நடக்கும் என்று பார்ப்போம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். இது நான் புரியவைப்பதற்காகச் சொல்லும் உதாரணம். மாலையில் அம்மாவின் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாடுகிறான். நான்கு பேர் சேர்ந்து ஆடும் ஸ்க்வாட். அதில் முன்பின் தெரியாத ஒருவன்.

“செம ஆட்டம் தம்பி. எந்த ஊரு?”

முதல் நாள் அவ்வளவுதான். மறுநாளும் சேர்ந்து ஆடுகிறார்கள். நாலாம் நாள் கேமில் ஒரு ஸ்கின், அதாவது ஆடுகிற வீரனுக்குப் போடும் அலங்கார உடை, பரிசாக வருகிறது. கேமில் செலவழிக்கிற ‘டைமண்ட்’ வாங்க வீட்டில் காசு கேட்டு அடி வாங்கிய பையனுக்கு, கேட்காமலே ஒருவன் கொடுக்கிறான். அந்த வயதில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெரியவர்களான நமக்குச் சட்டென்று புரியாது. வகுப்பில் அந்த ஸ்கின்னைக் காட்டியே அவனுக்கு ஒரு வாரம் மரியாதை கிடைக்கும்.

“அப்பா திட்டினாரா? விடு, நான் இருக்கேன்ல.”

“கேம் சாட் சரியில்ல. டெலிகிராம் வா.”

“நைட்டு தனியாவா படுப்ப? போன் உன்கிட்டதான இருக்கும்?”

“வீட்ல சொல்லாதே. சொன்னா கேமையே நிறுத்திருவாங்க.”

இந்த நான்கு வரிகளையும் தனித்தனியாகப் படித்தால் எதிலும் ஆபாசம் இல்லை. போனை எட்டிப் பார்க்கிற அப்பா, யாரோ ஒரு கேம் தோழன் என்று நினைத்து நகர்ந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்திருக்கிறது. முதல் வரி, பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவே இருந்த விரிசலில் கால் வைக்கிறது. இரண்டாவது, பலர் பார்க்கும் இடத்திலிருந்து யாரும் பார்க்காத இடத்துக்கு அழைத்துப் போகிறது. மூன்றாவது, எந்த நேரத்தில் பிள்ளை தனியாக இருக்கும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. நான்காவது வரி கதவைச் சாத்துகிறது. பிள்ளைகளுக்கு இந்த நான்காவது வரியை மட்டும் சொல்லிக்கொடுத்தாலே பெரிய உதவி என்பது என் எண்ணம். ‘வீட்டில் சொல்லாதே’ என்று ஒரு பெரியவர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அன்றைக்கே வீட்டில் சொல்லவேண்டிய விஷயம் அதுதான்.

அப்புறம் நடப்பது வேகமாக நடக்கும். அவன் முதலில் ஒரு படம் அனுப்புவான், தன்னுடையது என்று. “நான் அனுப்பினேன்ல, நீயும் ஒண்ணு அனுப்பு. பாத்துட்டு அழிச்சிருவேன்.” ஒரு தடவை பார்த்ததும் மறைந்துவிடும் படம்தானே என்று பிள்ளை நம்பும். திரையில் மறைகிற படத்தை இன்னொரு போனை வைத்துப் படம் பிடிக்க முடியும் என்பது அந்த நேரத்தில் அதற்குத் தோன்றாது. படம் போன மறுநிமிடம் குரல் மாறும். பிள்ளையின் இன்ஸ்டா நண்பர்கள் பட்டியலே ஸ்கிரீன்ஷாட்டாக வந்து நிற்கும். “இதுல இருக்கிற எல்லாருக்கும் போகும். பத்து நிமிஷம் டைம்.” பணம் கேட்பான், அல்லது இன்னும் படம் கேட்பான். கொடுத்தாலும் நிற்காது. கொடுக்கிற பிள்ளை என்று தெரிந்துவிட்டதால் மறுபடியும் கேட்பான்.

இந்த இடத்தில் பிள்ளை ஏன் நம்மிடம் ஓடி வருவதில்லை? ‘போனைப் பிடுங்கிவிடுவார்கள், அடிப்பார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள்’ என்கிற பயம்தான் காரணம். பெண் பிள்ளையாக இருந்தால் ‘கல்யாணம் பண்ணி வெச்சிருவாங்க’ என்கிற பயமும் சேர்ந்துகொள்ளும். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் கையில் இருக்கிற ஆயுதம் அந்தப் படம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நம்மீது பிள்ளைக்கு இருக்கிற பயம்தான் அவனுடைய ஆயுதம். வீட்டில் சொல்லிவிட்ட பிள்ளையை மிரட்ட அவனிடம் பெரிதாக எதுவும் மிச்சம் இருக்காது.

பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள்தான் இதற்குக் கவலைப்படவேண்டும் என்று இன்னமும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். பணம் பறிக்கிற கும்பல்கள் குறிவைப்பது அதிகமும் 14 முதல் 17 வயதுப் பையன்களைத்தான் என்று அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பல முறை எச்சரித்திருக்கிறது. ஒரு பெண்ணின் டிபி வைத்த ஃபேக் ஐடியிலிருந்து ‘ஹாய்’ என்று வரும். ‘ஆம்பளப் பையன்தானே’ என்று நாம் விட்டுவிடுகிற இடத்தில் பையன் தனியாக மாட்டிக்கொள்கிறான். வெளியே சொல்ல வெட்கமும் அவனுக்குக் கூடுதல்.

இன்னொன்று. இப்போது பிள்ளை எதையும் அனுப்பியிருக்கவே வேண்டாம். முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு சாதாரணப் படம் கிடைத்தால், செயற்கை நுண்ணறிவு ஆப்களை வைத்து ஆபாசப் படமாக மார்பிங் செய்துவிடுகிறார்கள். அந்தச் சாதாரணப் படம் அவனுக்கு எங்கே கிடைக்கும்? நிறைய நேரம் நம் ஸ்டேட்டஸில்தான். பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் மார்க் ஷீட்டையே அப்படியே ஃபேஸ்புக்கில் போடுகிறோம். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பள்ளியின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. சந்தோஷத்தில் செய்கிற காரியம், யாரையும் குறை சொல்லவில்லை. மார்க்கை மட்டும் எழுதிப் போடுங்கள், சீருடையோடு படம் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி ஆண்டு விழாப் படங்களைப் பொதுப் பக்கங்களில் ஏற்றும் ஆசிரியர்களுக்கும் இதையே சொல்வேன்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

போனில் எந்த ஆப் இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், போன் யாருடைய கூகுள் கணக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் அப்பா பழைய போனை அப்படியே பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். அதில் அவருடைய ஜிமெயில், அவருடைய பிறந்த தேதி இருக்கும். பிளே ஸ்டோரும் யூடியூபும் அந்தப் போனை வைத்திருப்பது நாற்பது வயது ஆள் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பெரியவர்களுக்குக் காட்டுவதை எல்லாம் பதினோரு வயதுப் பிள்ளைக்குக் காட்டும். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப்பை உங்கள் போனில் போட்டு, அதன் வழியாகப் பிள்ளைக்கு உண்மையான வயதோடு தனிக் கணக்கு தொடங்குங்கள். அதற்குப் பிறகு புதிய ஆப் இறக்க உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாம். இரவில் எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ளவேண்டும் என்றும் நீங்களே வைக்கலாம்.

இன்ஸ்டாகிராமிலும் இதே கதைதான். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்பது அவர்களின் விதி. அதனால் பிள்ளைகள் பிறந்த வருடத்தை 2000 என்று போட்டுவிடுகிறார்கள். சில வீடுகளில் அம்மா அப்பாவே அப்படிப் போட்டுக்கொடுக்கிறார்கள். 2024-இல் இன்ஸ்டாகிராம் ‘டீன் அக்கவுன்ட்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது, 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. அதில் பிள்ளையின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். பிள்ளையோடு தொடர்பில் இல்லாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழே என்றால் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால் 2000-இல் பிறந்ததாகப் பொய் சொன்ன கணக்குக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. வயதைக் கூட்டிப் போட்ட அன்றைக்கே அந்தக் கதவைத் திறந்துவிட்டோம். இன்று உட்கார்ந்து அதைத் திருத்துங்கள்.

படுக்கையறையில் போன் வேண்டாம், இரவு சார்ஜ் போடுவது கூடத்தில் என்று ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம். பிள்ளைக்கு மட்டும் விதி போட்டால் அது இரண்டு நாளில் உடையும். அப்பாவின் போனும் அங்கேதான் சார்ஜ் ஆகவேண்டும்.

இதெல்லாம் பூட்டு. பூட்டைத் தாண்டியும் ஒருவன் வருவான் என்று வைத்துக்கொண்டுதான் பிள்ளையிடம் பேசவேண்டும். ‘ஜாக்கிரதையா இரு’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, பிள்ளைக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சாப்பாடு போடும்போது, பைக்கில் கூட்டிப் போகும்போது சாதாரணமாகக் கேளுங்கள்: “கேம்ல தெரியாதவங்க யாராச்சும் கிஃப்ட் குடுப்பாங்களா? உன் ஃபிரண்ட்ஸ்க்கு அப்படி வந்திருக்கா?” தன்னைப் பற்றிக் கேட்டால் மூடிக்கொள்கிற பிள்ளை, நண்பனைப் பற்றிக் கேட்டால் பேசும். இன்னொரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவையுங்கள்: “நீயே தப்பு பண்ணியிருந்தாலும் சரி, எங்கிட்ட சொன்னா போனைப் பிடுங்க மாட்டேன்.” சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும், அதுதான் கஷ்டம். ஒரு முறை பிடுங்கிவிட்டால் அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்காது.

பிள்ளை நம்மிடம் சொல்லாமல் தவிக்கும்போது சில மாற்றங்கள் கண்ணில் படும். நீங்கள் அறைக்குள் வந்ததும் திரையைக் கவிழ்ப்பது, நடு இரவில் விழித்திருப்பது, நீங்கள் வாங்கித் தராத பொருளோ ரீசார்ஜோ வைத்திருப்பது, திடீரென்று பணம் கேட்பது, ஜிபேயில் சின்னச் சின்னத் தொகை காணாமல் போவது. வகுப்பில் நான் பார்ப்பது வேறு மாதிரி: நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை மதியச் சாப்பாட்டில் தனியாக உட்காரும், காரணமில்லாமல் லீவு போடும். வளர்கிற வயதில் இவை வேறு காரணங்களாலும் வரும். அதனால் குற்றம் சாட்டுகிற குரலில் விசாரிக்காமல் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நடந்தே விட்டது, பிள்ளை அழுதுகொண்டு வந்து நிற்கிறது என்றால், முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். “ஏன்டா அனுப்பின?” என்ற கேள்வி நாக்கின் நுனியில் வரும். அதை அன்றைக்கு விழுங்கிவிடுங்கள். “எங்கிட்ட சொன்னியே, அது போதும். இனிமே நான் பாத்துக்கறேன்” என்று சொல்லுங்கள். மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொள்ளும் அளவுக்குப் போனதுண்டு. ஆகவே அன்று இரவு பிள்ளையைத் தனியாக விடவேண்டாம்.

பணம் அனுப்பாதீர்கள். அவனிடம் கெஞ்சவோ திட்டவோ வேண்டாம். கோபத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், போனை உடைத்துவிடாதீர்கள். பலர் செய்கிற தவறு இது, சாட்சியமே அதில்தான் இருக்கிறது. அவனுடைய ஐடி, புரொஃபைல் லிங்க், போன் நம்பர், பணம் கேட்ட யுபிஐ ஐடி, மிரட்டல் மெசேஜ்கள், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு பிளாக் செய்யுங்கள், ஆப்பிலும் ரிப்போர்ட் செய்யுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பாதீர்கள். அது பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும், போனை அப்படியே போலீஸிடம் காட்டலாம்.

உதவிக்கு 1098. குழந்தைகளுக்கான அந்த எண் 24 மணி நேரமும் இயங்கும், பிள்ளையே நேரடியாகப் பேசலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான 1930 எண். cybercrime.gov.in என்ற மத்திய அரசின் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் இருக்கிறது. நேரில் போவதென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ போகலாம். ‘இது எங்க லிமிட் இல்ல’ என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

படம் பரவிவிடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் 2023-இல் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையைத் தொடங்கியது. 18 வயதுக்கு முன்பு எடுத்த படங்களுக்கானது. அதில் படத்தை யாருக்கும் அனுப்பவேண்டியதில்லை. நம் போனே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஓர் எண் வரிசையை உருவாக்கும், அந்த எண் மட்டும்தான் வெளியே போகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்று அதில் சேர்ந்திருக்கும் நிறுவனங்கள் அதே கைரேகை உள்ள படம் தங்கள் தளத்தில் வந்தால் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப் மாதிரி பூட்டிய உரையாடலுக்குள் போய் அது தேடாது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு, குறிப்பாகத் தலைமை ஆசிரியர்களுக்கு, ஒன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தில் 18 வயது நிரம்பாத எல்லாருமே குழந்தைகள். பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், நிஜமான அல்லது போலியாகச் செய்த படத்தைக் காட்டி மிரட்டுவதும் அதில் குற்றம். நேரில் சந்தித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தும் போலீஸிடமோ சிறார் காவல் பிரிவிடமோ சொல்லாமல் இருப்பது தனிக் குற்றம், நிறுவனத்தின் தலைவர் தனக்குக் கீழே இருப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ‘ஸ்கூல் பேர் கெட்டுடும், நாமே பேசி முடிச்சிக்கலாம்’ என்று சொல்லும் கூட்டங்களில் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல ஒருவராவது எழுந்து நிற்கவேண்டும்.

படத்தை ‘ஆதாரத்துக்காக’ என்று ஸ்டாஃப் குரூப்பில் போடுவதும் கூடவே கூடாது. பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு பாயும். குழந்தைகளின் ஆபாசப் படங்களை வெறுமனே இறக்கி வைத்திருப்பது, பார்ப்பது குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே வழக்காகலாம் என்பதுதான் இப்போதைய நிலை.

சக மாணவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் நிறையச் செய்யவேண்டும். கனடாவில் அமாண்டா டாட் என்ற சிறுமியை ஒருவன் நெதர்லாந்தில் உட்கார்ந்துகொண்டு பல போலிக் கணக்குகள் வழியே மிரட்டினான். அவளுடைய படத்தைப் பள்ளித் தோழர்களுக்கே அனுப்பினான். பள்ளியில் கேலி, தனிமை. அவள் பள்ளி மாறினாள், அங்கேயும் படம் போனது. 2012 அக்டோபரில், 15 வயதில், அவள் உயிரை விட்டாள். பத்து வருடம் கழித்து, 2022-இல், கனடா நீதிமன்றம் அவனுக்கு 13 ஆண்டு சிறை விதித்தது. அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் போவது அவளுடைய வகுப்பறைக்குத்தான். படம் வந்த அன்றைக்கு ஒரு தோழி அதை யாருக்கும் காட்டாமல் நேராக ஒரு ஆசிரியரிடம் போயிருந்தால் என்று நினைத்துக்கொள்வேன். நம் வகுப்பில் இதை முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்: யாருடைய படமாவது உனக்கு வந்தால் பார்வர்ட் செய்யாதே, வகுப்பில் யாரிடமும் காட்டாதே, எங்களில் ஒருவரிடம் வந்து சொல். சொன்னவர் பெயரை வெளியே விடமாட்டோம்.

பெற்றோரைத் தடுக்கிற கடைசிப் பயம், ‘ஸ்டேஷனுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்’ என்பது. போக்சோ சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து, அல்லது பிள்ளை விரும்பும் இடத்தில் வாங்கவேண்டும். முடிந்தவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வரவேண்டும், சீருடையில் வரக்கூடாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கவேண்டும். இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. பெயர், முகவரி, படம், பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக்கூடாது. இதில் ஏதாவது ஒன்றை யாராவது மீறினால், அந்த இடத்திலேயே 1098-ஐ அழைத்துச் சொல்லலாம்.